ஒன்பதாவது குழியில் இரண்டாவது பந்து

ஒரே ஒரு மலை இருந்ததாம். அந்த மலை மேலே ஒன்பதே ஒன்பது குழி இருந்ததாம். அந்த ஒன்பது குழியையும் இருபத்திரண்டு வருஷமாக, ஞாயிறு தவறாமல், சுற்றிச் சுற்றி வந்த கிறுக்கர்கள் இரண்டு பேர் இருந்தார்களாம். ஒரு கிறுக்கன் நான். இன்னொரு கிறுக்கன் அதோ, பம்பு ரூம் பக்கத்து பெஞ்சில், பச்சைக் கம்பளிக் குல்லாய் போட்டுக்கொண்டு மூடுபனியைப் பார்த்துக்கொண்டிருக்கிறான் பாருங்கள், அவன். சட்டென்று திரும்பாதீர்கள் டாக்டரம்மா. நீங்கள் திரும்பினால், நான் அவனைப் பற்றிப் பேசுகிறேன் என்று நினைத்துக்கொள்வான்.

உட்காருங்கள். அவசரமே இல்லை. இந்தப் பனி விலக எப்படியும் முக்கால் மணி ஆகும். டீ கொடுக்கிறாளே ரோஸ்லின், அவள் மணி அடிக்காமல் இங்கே யாரும் பந்து அடிக்க முடியாது. முன்னால் என்ன நிற்கிறது என்று தெரியாமல் அடித்து, போன வருஷம் ஒருவர் காட்டெருமையின் முதுகில் போட்டுவிட்டார். காட்டெருமை ஒன்றும் செய்யவில்லை. திரும்பிப் பார்த்தது, அவ்வளவுதான். அடித்தவர்தான் அதற்குப் பிறகு இந்தப் பக்கமே வரவில்லை. அதனால் சோலைக்கொம்பை கோல்ஃப் கிளப்பில் ஒரு சட்டம்: ஒற்றை ஆளாக மைதானத்தில் இறங்கக் கூடாது. குறைந்தது இரண்டு பேர்.

அதற்காகத்தான் உங்களைப் பிடித்தேன். ஒளிக்க என்ன இருக்கிறது? பதினோரு ஞாயிறாக நான் இப்படித்தான் ஆள் பிடிக்கிறேன். முதல் ஞாயிறு தேனிலவுக்கு வந்த ஒரு பையன் கிடைத்தான். மூன்றாவது குழியோடு பெண்டாட்டி கூப்பிடுகிறாள் என்று ஓடிவிட்டான். அப்புறம் ஒரு பட்டாளத்து அதிகாரி. மனிதர் வாயே மூடவில்லை. எனக்குப் பேச இடமே கொடுக்கவில்லை. இன்றைக்கு நீங்கள். மயக்கம் கொடுக்கிற டாக்டர் என்று ரோஸ்லின் சொன்னாள். சென்னையில் வலைக்குள்ளேயே அடித்துப் பழகியிருக்கிறீர்களாம். நல்லது. வலைக்குள் அடித்தவர்களுக்கு மரத்தைக் கண்டு பயம் இருக்காது, ஏனென்றால் மரத்தையே அவர்கள் பார்த்திருக்கமாட்டார்கள்.

அவனா? அவனும் ஆள் தேடித்தான் உட்கார்ந்திருக்கிறான். எனக்கென்ன?

பெயர் பெள்ளிராஜ். மலை ரயிலில் என்ஜின் டிரைவராக இருந்தவன். இருபத்தெட்டு வருஷம் இறக்கத்திலேயே வண்டி ஓட்டியவன் எப்படி இருப்பான்? பிரேக் பிடித்தே பழகிய கை. சாப்பாட்டில்கூட அப்படித்தான், ஒரு கவளம் வாயில் போட்டுவிட்டு இறங்குகிறதா என்று பார்ப்பான். நான் வேறே ஜாதி. தப்பாக நினைக்காதீர்கள், தொழிலைச் சொல்கிறேன். முப்பத்தெட்டு வருஷம் ஏலக் கம்பெனியில் தேயிலை ருசி பார்த்தவன் நான். பெயர் ஞானசிகாமணி. அந்தக் காலத்தில் குன்னூரில் எந்தப் புரோக்கரைக் கேட்டாலும் சொல்வார். வரிசையாக நூறு கிண்ணம் இருக்கும். ஒரு உறிஞ்சு, ஒரு துப்பு, ஒரு தீர்ப்பு. இரண்டாவது உறிஞ்சு என்பதே கிடையாது. இரண்டாவது தரம் உறிஞ்சுகிறவனுக்கு முதல் தரம் நாக்கு இல்லை என்று அர்த்தம்.

தப்பியதே இல்லையா என்று கேட்கிறீர்களா? ஒரே ஒரு தடவை. அதுவும் கிண்ணம் மாறிப்போச்சு. கழுவி வைத்தவன் தப்பு.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் இன்னும் இந்த மைதானத்தைப் பார்க்கவில்லை. பனி விலகினால் தெரியும். இது அகலமான மைதானம் இல்லை. வெள்ளைக்காரன் காட்டை வெட்டும்போது பாதியில் சலித்துப்போய் விட்டுவிட்டான் என்று நினைக்கிறேன். இரண்டு பக்கமும் சைப்ரஸ், சீகை, கற்பூர மரம். நடுவில் புல் போட்ட ஒரு பாதை. அதிலும் ஒன்பதாவது குழி இருக்கிறதே, அதற்கு நாங்கள் சந்து என்று பெயர் வைத்திருக்கிறோம். எதிரெதிரே இரண்டு ஜீப் வந்தால் ஒன்று பின்னால் போக வேண்டும், அவ்வளவுதான் அகலம். நீளம் இருநூற்றுத் தொண்ணூறு கெஜம். முதல் அடி அடிக்கிற மேடையில் நின்று பார்த்தால் அந்தக் கோடியில், குழிக்குள் நட்ட கொடி தெரியும். நடுவில் பகல் பத்து மணிக்கும் இருட்டாக இருக்கும்.

அந்தச் சந்தில் புத்திசாலி என்ன செய்வான்? இரும்பு மட்டையை எடுத்து, நூற்றைம்பது கெஜம் தட்டி, அப்புறம் நூறு தட்டி, அப்புறம் நாற்பது தட்டி, கிழவி கோயிலுக்குப் போகிற மாதிரி போய்ச் சேருவான். பெள்ளிராஜ் அப்படித்தான் போவான். நான் பெரிய மட்டையைத்தான் எடுப்பேன். இருபத்திரண்டு வருஷமாகப் பெரிய மட்டைதான். “ஞானம், மரம் சாகாது, நீதான் சாவே” என்பான் அவன். மரம் ஒன்றும் சாகவில்லை, நானும் சாகவில்லை. வருஷத்துக்கு ஒரு தடவையாவது அந்தச் சந்தில் பந்து ஊசியில் நூல் கோத்த மாதிரி போகும். அந்த ஒரு தடவைக்காகத்தானே அம்மா மனிதன் காலையில் எழுந்திருக்கிறான்?

இப்போது ஒரு சட்டம் சொல்கிறேன். இதை மட்டும் காது கொடுத்துக் கேளுங்கள், ஏனென்றால் இதனால்தான் எல்லாம்.

நீங்கள் அடித்த பந்து மரத்துக்குள் போகிறது என்று வையுங்கள். கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். போய்த் தேடி, இல்லை என்று தெரிந்து, திரும்ப நடந்து வந்து அடிப்பது நேரக்கேடு. அதனால் நின்ற இடத்திலேயே இன்னொரு பந்தை வைத்து அடித்துவிட்டுப் போகலாம். ஆனால் அடிக்கும் முன்னால் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். “புரொவிஷனல்.” அதாவது, இது தாற்காலிகப் பந்து, முதல் பந்து கிடைத்தால் இதை எடுத்துப் பையில் போட்டுக்கொள்வேன் என்று அர்த்தம். வாய் திறந்து, எதிராளி காதில் விழ, சொல்ல வேண்டும். சொல்லாமல் அடித்தால்? முதல் பந்து செத்தது. அது நடுப்பாதையில் உட்கார்ந்து உங்களைப் பார்த்துச் சிரித்தாலும் செத்ததுதான். இரண்டாவதுதான் உங்கள் பந்து. செத்த பந்தை அடித்தால் குழி போச்சு.

புரிந்ததா? உங்கள் தொழிலில் இருக்கும் போல. ஆமாம்தானே? “மூச்சுக்கு எப்பவும் ரெண்டாவது டியூப் ஒண்ணு கையோரமா வெச்சிருப்போம்” என்கிறீர்கள். அது சரி, அது உயிர் விஷயம். நான் சொல்வது மரியாதை விஷயம்.

பெள்ளிராஜுக்கு அந்த வார்த்தை மூச்சு மாதிரி. ஒரு நாள் பந்து நடுப்பாதையில் வெள்ளையாகத் தெரிகிறது, இங்கிருந்தே தெரிகிறது, அதற்கும் புரொவிஷனல் என்று சொல்லி இன்னொன்று அடித்தான். “ஏண்டா?” என்றேன். “காக்கா தூக்கிட்டுப் போயிட்டா?” என்றான். இப்படி ஒரு மனிதன்! நான் அந்த வார்த்தையை ஒரு நாளும் சொன்னதில்லை. சொன்னால் என்ன அர்த்தம்? என் பந்து போச்சு என்று நானே ஒப்புக்கொள்கிறேன் என்று அர்த்தம். போகாத பந்துக்கு நான் எதற்குக் கருமாதி பண்ண வேண்டும்? என் பந்து எங்கே போகிறது என்று எனக்குத் தெரியும். கையைவிட்டுப் போகும்போதே தெரியும்.

“ரோஸ்லின், டாக்டரம்மாவுக்கு ஒரு டீ கொடும்மா. எனக்கும்தான். அவருக்கா? அவர் கேட்டா குடு, எங்கிட்ட எதுக்குக் கேக்கறே?”

பார்த்தீர்களா, இவளும் அவன் கட்சிதான். கிளப்பே அவன் கட்சி. பரவாயில்லை. என் வீட்டிலேயே பாதி அவன் கட்சி.

இந்த டீயைப் பாருங்கள். காறிப் போச்சு. கொதிக்க வைத்து ஒன்றரை மணி நேரம் ஆகியிருக்கும். குடியுங்கள், குளிருக்கு நல்லது.

ஜூன் மாதம் கோப்பை. வருஷத்துக்கு ஒரு தடவை நடப்பது. ஒருவருக்கு எதிராக ஒருவர், குழிக்குக் குழி கணக்கு, குறைந்த அடியில் போட்டவருக்குக் குழி. தோற்றவர் வெளியே, ஜெயித்தவர் அடுத்த சுற்று. உள்ளே போனால் பெரிய தேக்குப் பலகை மாட்டியிருக்கிறது, பார்த்திருப்பீர்கள். ஜெயித்தவர் பெயரெல்லாம் தங்க எழுத்தில். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதிலிருந்து இருக்கிறது. பெள்ளிராஜ் பெயர் அதில் இல்லை. என் பெயரும் இல்லை. இருபத்திரண்டு வருஷத்தில் அவன் ஒரு தடவை அரையிறுதி, நான் இரண்டு தடவை. இந்த வருஷம் என்ன ஆச்சு என்று கேளுங்கள். கடைசி ஆட்டத்துக்கு யார் யார் வந்தார்கள்? நானும் அவனும்.

ஊரே சிரித்தது. செக்ரட்டரி தாமோதரன், “ஞாயித்துக்கிழமை ஆடற ஆட்டத்தையே ஆடிட்டுப் போங்க, கோப்பையை நடுவுல வெச்சுடறேன்” என்றார். என் மனைவி கிரேஸும் அவன் மனைவி மாதி அக்காவும் ஒரு டிபன் கேரியரில் சாப்பாடு கட்டிக்கொண்டு வந்து, ஒரு குடையின் கீழ் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார்கள். யார் ஜெயித்தாலும் கோழி ஒன்றுதான் என்று பேச்சு.

பதினேழு குழி ஆடி முடித்தபோது சமம். அவன் தட்டித் தட்டி வந்தான், நான் அடித்து அடித்து வந்தேன், சமம். பதினெட்டாவது எது? ஒன்பது குழியை இரண்டு தடவை சுற்றினால் கடைசி எது? சந்து.

முதலில் அவன். இரும்பு மட்டை. நூற்றைம்பது கெஜம், நடுவில், பிள்ளையார் மாதிரி உட்கார்ந்தது. நான் பெரிய மட்டையை உருவினேன். பின்னால் கிரேஸ் தொண்டையைக் கனைத்தது கேட்டது. கோப்பையின் கடைசிக் குழியில் பயந்து இரும்பு எடுத்தான் ஞானசிகாமணி என்று நாளைக்கு யாராவது சொல்வதா? ஓங்கி அடித்தேன். என்ன அடி தெரியுமா அம்மா! சத்தம் கேட்டே சொல்லலாம். என் பக்கத்தில் ஒரு குறையும் இல்லை. கொஞ்சம் இடப்பக்கம் வளைந்தது. காற்று. காற்று இல்லை என்று எல்லோரும் சொல்கிறார்கள். அவர்கள் நின்ற இடத்தில் இல்லை, பந்து இருந்த உயரத்தில் இருந்தது.

‘டொக்’ என்று ஒரு சத்தம். கற்பூர மரத்தில் பட்டால் வருகிற சத்தம். அப்புறம் ஒன்றும் இல்லை.

அவன் பக்கத்தில் வந்தான். மெதுவாகத்தான் சொன்னான், யாருக்கும் கேட்காத மாதிரி. “ஞானம், புரொவிஷனல்னு சொல்லிட்டு இன்னொண்ணு அடி.”

“வேண்டாம். மரத்துக்கு வெளியதான் இருக்கு.”

“இருக்கட்டும். சொல்லிட்டு அடி.”

“இருக்குன்னா எதுக்கு அடிக்கணும்?”

“இல்லேன்னா?”

“இருக்கு.”

“சொல்றதுல என்ன குறைஞ்சு போச்சு, ஞானம்? ஒரு வார்த்தை.”

மூன்று தடவை. எண்ணிக்கொண்டீர்களா? ஜெயிக்க வேண்டிய எதிராளி எதற்கு மூன்று தடவை வந்து இப்படிச் சொல்ல வேண்டும்? யோசியுங்கள். என் மனதைக் கலைக்கத்தான். வேறென்ன?

இங்கேதான் எல்லோரும் என்னைக் கேட்கிறார்கள்: பந்து வெளியே இருக்கிறது என்று அவ்வளவு நிச்சயமாகத் தெரிந்தால், இன்னொரு பந்தை எதற்கு எடுத்து அடித்தீர்கள்? நீங்களும் அதைத்தான் கேட்க வாய் எடுத்தீர்கள், பார்த்தேன். அடித்தேன். ஆமாம். அவன் தொணதொணப்பு தாங்காமல் அடித்தேன். கையில் மட்டை சூடாக இருந்தது, பையில் பந்து இருந்தது, எடுத்து வைத்தேன், அடித்தேன். ஒரு வார்த்தை பேசவில்லை. அவன் மூஞ்சியைப் பார்த்துக்கொண்டே அடித்தேன். அது ஊசியில் நூல் கோத்த மாதிரி போச்சு. வருஷத்துக்கு ஒரு தடவை போகும் என்றேனே, அந்த ஒன்று.

அவன் குல்லாயைக் கழற்றி, முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

நடந்தோம். சந்துக்குள் பாதி தூரம் போனதும் என் கண்ணில் என்ன பட்டது? என் முதல் பந்து! மரத்தில் பட்டு, முன்னால் தெறித்து, நடுப்பாதையில், கொடிக்கு ஐம்பது கெஜத்தில். சிவப்பு மையில் நான் போட்ட இரண்டு புள்ளி. “நான் சொல்லலே?” என்று கத்தினேன். சந்து முழுக்க எதிரொலித்தது. ஐந்து நிமிஷத்துக்கு முன்னால் எத்தனை பேர் என்னைப் பைத்தியக்காரன் மாதிரி பார்த்தார்கள்! என் நாக்கு, என் கண், என் கை, மூன்றும் ஒன்று சொன்னால் அது நடக்கும்.

மட்டையை எடுத்தேன். அவன் பின்னாலிருந்து, “ஞானம், நில்லு! அடிக்காதே, நில்லு!” என்று கத்திக்கொண்டே ஓடி வந்தான். அந்த முழங்காலை வைத்துக்கொண்டு ஓடுகிறான். தெளிவாகக் கேட்டது, கேட்கவில்லை என்று நான் பொய் சொல்லமாட்டேன். ஆடுகிறவன் மட்டை ஓங்கியிருக்கும்போது கத்தினால் யாராவது நிற்பார்களா? அது மரியாதையா? அடித்தேன். கொடிக்கு நாலு அடியில் போய் நின்றது. அடுத்து ஒரு தட்டு. உள்ளே. மொத்தம் மூன்று அடி! அவனுக்கு ஐந்து.

இரண்டு கையையும் தூக்கினேன். கிரேஸ் கை தட்டினாள். மாதி அக்கா கை தட்டினாள். அவன் மட்டும் கொடிக்குப் பக்கத்தில் நின்று, செருப்படி பட்ட மாதிரி ஒரு முகம். “ஞானம், நீ அடிச்சது உன் பந்து இல்லே” என்றான்.

என் பந்து இல்லையாம்! சிவப்புப் புள்ளி!

தாமோதரன் ஒரு சின்னப் புத்தகத்தைத் திறந்தார். படித்தார். மூடினார். இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. “நீங்க ரெண்டாவது பந்தை அறிவிக்காம அடிச்சீங்களா சார்?” என்றார். “அறிவிக்க என்ன இருக்கு, நான் கலெக்டரா?” என்றேன். “அப்ப குழி பெள்ளி சாருக்கு. கோப்பையும் அவருக்கு” என்றார். அவ்வளவுதான். ஒரு மனிதன் என்ன சொன்னான் என்பதற்காகத் தண்டித்தால் புரிந்துகொள்ளலாம். என்ன சொல்லவில்லை என்பதற்காகத் தண்டிப்பது எந்த ஊர் நியாயம்? இதைத்தான் கமிட்டிக்கு எழுதினேன். நாலு கடிதம். நாலாவது கடிதம் ஏழு பக்கம்.

இருங்கள், இனிமேல்தான் முக்கியமான இடம். அவன் கோப்பையை வாங்கவில்லை! வாங்கமாட்டேன் என்று சொல்லிவிட்டான். அதை செக்ரட்டரி ரூம் மேஜை மேலேயே வைத்துவிட்டுப் போய்விட்டான். பலகையில் பெயர் எழுத வந்த ஆளிடமும், “இப்ப வேணாம், எடம் விட்டு வையி” என்றானாம். போய்ப் பாருங்கள், இந்த வருஷத்துக்கு எதிரே காலியாக இருக்கிறது. ஜெயித்தவன் எதற்கு அம்மா வேண்டாம் என்கிறான்? மனசாட்சி. வேறு எதுவாக இருக்க முடியும்? நான் ஜெயித்தேன் என்று அவனுக்கே தெரியும். நீங்கள் ஏதோ சொல்ல வருகிறீர்கள். இல்லையா? சரி.

அப்புறம் கமிட்டியில் ஒரு யோசனை சொன்னான். அந்தக் கடைசிக் குழியை மட்டும் இரண்டு பேரும் மறுபடி ஆடுவது. ஜெயிக்கிறவர் பெயரை எழுதுவது. “ஞானம் வந்தா நான் எப்பவும் ரெடி” என்றானாம். கமிட்டியும் தலையாட்டிவிட்டது. ஆனால் காலம் வைத்துவிட்டார்கள். இந்த மாதக் கடைசி ஞாயிறு, பகல் பன்னிரண்டு மணி. அதற்குள் ஆடாவிட்டால் சட்டப்படி அவன் பெயரை எழுதிவிடுவார்கள். அவன் சரி என்றாலும், வேண்டாம் என்றாலும்.

ஆமாம், இன்றைக்குத்தான். எழுதுகிற ஆள் வந்து உள்ளே டிபன் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறான்.

ஆடினால் என்ன என்கிறீர்கள். கிரேஸும் அதைத்தான் கேட்கிறாள். “ஒரு குழி ஆடறதுக்கு உங்க கால் என்ன தேஞ்சா போயிடும்?” என்கிறாள். போன வாரம் சோறு பரிமாறும்போது, “பதினோரு வாரமா நீங்க யாரோட பேசறீங்க? செவுத்தோடயா?” என்றாள். நான் சொன்னேன்: ஜெயித்தவன் மறுபடி ஆட மாட்டான். மறுபடி ஆடினால் முதலில் ஜெயிக்கவில்லை என்று ஆகிவிடும். இது அவளுக்குப் புரியவில்லை. உங்களுக்குப் புரிகிறது, படித்தவர்கள். மூன்று அடி ஏற்கெனவே அடித்தாகிவிட்டது. அது நடந்தது. சந்து பார்த்தது, மரம் பார்த்தது. அதை நான் எதற்குத் திரும்ப அடித்துக் காட்ட வேண்டும்? தேயிலையை இரண்டாவது தரம் உறிஞ்சச் சொன்னால் உறிஞ்சுவேனா?

அவன் செய்ய வேண்டியது ஒன்றுதான். இங்கே வந்து, ‘ஞானம், அது உன் பந்துதான்’ என்று சொல்ல வேண்டும். சொல்லட்டும். அப்புறம் கோப்பையை அவனே வீட்டில் வைத்துப் பூ வைக்கட்டும், எனக்கு வேண்டாம்.

அடுத்த வாரமா? அடுத்த வாரம் எங்கே? வியாழக்கிழமை அவனுக்குக் கோயம்புத்தூரில் முழங்கால் ஆபரேஷன். வலது. புதன்கிழமை மத்தியானமே வந்து சேரச் சொல்லியிருக்கிறார்கள், ராத்திரி பத்து மணிக்கு மேல் தண்ணீர்கூடக் கிடையாது. பெரிய மகள் கூட இருக்கிறாள், சின்னவளுக்கு லீவு கிடைக்கவில்லை. ஆறு மாதம் மட்டையைத் தொடக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். சர்க்கரை வேறு கொஞ்சம் ஏறிக் கிடக்கிறது, நூற்று எழுபதோ என்னவோ. முழுசாக மயக்கம் கொடுப்பார்களா, இடுப்புக்குக் கீழே மட்டும் மரக்க வைப்பார்களா? சும்மா கேட்டேன். எனக்கென்ன. காதில் விழுந்தது, சொன்னேன்.

கேட்டீர்களா? மணி. பனி விலகிவிட்டது பாருங்கள், முதல் கொடி தெரிகிறது. எழுந்திருங்கள். பையை நான் எடுக்கிறேன்.

வருகிறானா? இங்கேயா வருகிறான்? வரட்டும். நீங்கள் சும்மா நில்லுங்கள்.

“வணக்கம் மேடம். ரூம்ல தங்கியிருக்கிறவங்கதானே? மூணு பேராவே போலாமே. மூணு பேருக்கு நல்லாருக்கும்.”

“ரோஸ்லின், அவர்கிட்ட சொல்லு. டாக்டரம்மா என்னோட வர்றாங்க. மூணு பேருக்கு இங்க வேலை இல்லே.”

“ஞானம்.”

“ரோஸ்லின், என் பேரைச் சொல்லிக் கூப்பிட வேண்டாம்னு சொல்லு.”

“ஞானம், எட்டு குழி வேணாம். நேரா சந்துக்குப் போவோம். ஒரே குழி. பத்து மணிக்குள்ள முடிஞ்சிரும். நீ பெரிய மட்டையே எடு. நான் வாயே தொறக்கலே.”

“ரோஸ்லின், ஜெயிச்ச குழியை ரெண்டாந்தரம் ஆடற வழக்கம் ஞானசிகாமணிக்கு இல்லேன்னு சொல்லு. சொல்ல வேண்டியது ஒண்ணு அவர்கிட்ட இருந்தா, அதை அவரே சொல்லட்டும். சொல்லுவாரா கேளு.”

“பெள்ளி சார் பக்கத்துலதானே சார் நிக்கிறார், நீங்களே கேளுங்க.”

“உன்னைக் கேட்டேனா?”

“இல்லாததை எப்படிச் சொல்றது, ஞானம்? மத்தது எல்லாம் சொல்றேன். நல்ல அடி, அந்த மாதிரி அடி நான் பார்த்ததில்லே, அதைச் சொல்றேன். மாதி கோழி அடிச்சு வெச்சிருக்கா, அதைச் சொல்றேன். அது மட்டும் முடியாது.”

கேட்டுக்கொண்டீர்களா டாக்டரம்மா? இப்போதும் விட்டுக்கொடுக்கவில்லை. பிடிவாதக்காரன். இருபத்திரண்டு வருஷம் இந்தப் பிடிவாதத்தோடு குப்பை கொட்டியிருக்கிறேன், என்னைத்தான் ஊர் பிடிவாதக்காரன் என்கிறது.

நீங்கள் என்ன சொல்கிறீர்கள்? மூன்று பேரும் போகலாமா? நான் போகமாட்டேன். நான் எடுத்த முடிவில் மாற்றம் கிடையாது. மத்தியானம் ஒரு மணிக்கு நீங்கள் கிளம்ப வேண்டுமா? அவரோடு போகிறேன் என்கிறீர்களா? போங்கள். தாராளமாகப் போங்கள். இல்லை, இல்லை, கோபம் ஒன்றும் இல்லை. வந்தவர்கள் ஆடாமல் போகக் கூடாது. இந்தாருங்கள் உங்கள் பை. நான் இங்கேயே உட்கார்ந்திருக்கிறேன். யாராவது வருவார்கள். வராவிட்டால் பன்னிரண்டு மணிக்கு உள்ளே போய், அந்த ஆள் தங்க மையில் எழுதுவதை நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்ப்பேன். ஒவ்வொரு எழுத்தாகப் பார்ப்பேன். எழுதட்டும். பலகைதானே பொய் சொல்லும், நான் சொல்லமாட்டேன்.

ஒரு நிமிஷம். சந்துக்கு வரும்போது பெரிய மட்டையை எடுங்கள். அவன் இரும்பை நீட்டுவான், வாங்காதீர்கள். இவ்வளவு தூரம் மலையேறி வந்து தட்டிவிட்டா போவது?

அப்புறம், ஆறாவது குழிக்கு ஒரு ஏற்றம் வரும். அங்கே அவனைப் பை தூக்க விடாதீர்கள். தூக்குவான், வலிக்கவில்லை என்பான், நம்பாதீர்கள். படிக்கட்டுப் பக்கமாகக் கூட்டிக்கொண்டு போங்கள். நான் சொன்னேன் என்று சொல்ல வேண்டாம்.

போகிறார்கள் பாரு, ரோஸ்லின். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நீ எங்கே கிளம்பிவிட்டாய்? டம்ளர் கழுவவா? போ, நீயும் போ.

டாக்டரம்மா! மரத்துக்குள் போனால் நீங்கள் தேட வேண்டாம்! கேட்கிறதா? நீங்கள் தேட வேண்டாம்! அவன் நின்ற இடத்திலிருந்தே கையைக் காட்டுவான், அங்கே போய்க் குனியுங்கள், பந்து இருக்கும்! இருபத்திரண்டு வருஷத்தில் என் பந்து ஒன்றைக்கூட அவன் தொலைய விட்டதில்லை!